மூன்று மேடுகளும் ஒரு தட்டுச் சுண்டலும்

டிராயிங் செக்ஷனில் உங்கள் இருவருக்கும் காட்ட வேண்டியதையெல்லாம் காட்டிவிட்டேன். பழைய டிராயிங்குகள் எந்த அலமாரியில் இருக்கின்றன, அமோனியா பிரிண்ட் எடுக்கும்போது எந்த ஜன்னலைத் திறக்க வேண்டும், எந்த ஸ்டூல் ஆடும், மழை வந்தால் எந்த மேஜையை நகர்த்த வேண்டும். அடுத்த வாரம் நான் கோயம்புத்தூரில் வேறு வேலையில் இருப்பேன். அலமாரியில் வைக்க முடியாத ஒன்று மட்டும் மிச்சம். அதை எழுதித் தருகிறேன். பணி ஓய்வு பெற்றவர்கள் எழுத வேண்டியதை இந்த வயதில் எழுதுகிறாளே என்று சிரிக்க வேண்டாம். சுத்தி அடிக்கும் சத்தத்தின் பக்கத்தில் சில வருடங்கள் உட்கார்ந்தாலே ஓய்வு பெற்றவள் போல ஆகிவிடுகிறது.

நீங்கள் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். ஆனாலும் ஆரம்பத்திலிருந்தே சொல்கிறேன். பழுக்கக் காய்ச்சிய இரும்பை இரண்டு டைகளுக்கு, அதாவது அச்சுகளுக்கு, நடுவில் வைத்து அடிக்கிறோம். டையில் இருக்கும் உருவம் இரும்புக்கு வந்துவிடுகிறது. அடித்ததை டையிலிருந்து வெளியே எடுக்க வேண்டுமே, அதனால் அதன் பக்கங்கள் சரிவாக இருக்க வேண்டும். இட்லித் தட்டின் குழி கிணறு மாதிரி செங்குத்தாக இருந்தால் இட்லி எப்படி வெளியே வரும் என்று யோசித்துப் பாருங்கள். சுத்தி ஷாப்புக்குச் சரிவு வேண்டும். ஆனால் அதே துண்டு அடுத்த கொட்டகையான மெஷின் ஷாப்புக்குப் போனதும், அங்கே அந்தச் சரிவுதான் எதிரி. சரிவான பொருளை மெஷினில் வைத்து இறுக்கினால் ஆடும், நழுவும். துளை கோணலாக விழும்.

நான் சேர்ந்த காலத்தில் சுத்தி ஷாப்புக்குக் கலியபெருமாள் மேஸ்திரி. தவளக்குப்பத்திலிருந்து சைக்கிளில் வருவார். மெஷின் ஷாப்புக்கு அந்துவான்; பிரெஞ்சு வழக்கப்படி எல்லோரும் அவரை முசே என்போம். பிரெஞ்சு ராணுவத்தில் லாரி பழுது பார்த்துவிட்டு வந்தவர், மீசையைத் தினமும் அளந்து வெட்டுவாரோ என்று எனக்குச் சந்தேகம். இரண்டு பேருக்கும் சரிவைப் பற்றி நேரடிப் பேச்சுவார்த்தை கிடையாது. என் வழியாகத்தான். கலியபெருமாள் வந்து, இன்னும் கொஞ்சம் சரிவு கொடுக்கச் சொல்லுவார். அவர் போனதும் முசே வந்து, சரிவையே எடுத்துவிடச் சொல்லுவார். இவர் என்ன கேட்டார் என்று அவரும், அவர் என்ன கேட்டார் என்று இவரும் விசாரித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு போவார்கள்.

டிராக்டர் கிளட்சுக்கான நெம்புகோல் ஒன்றை அப்போது ஒரு மெட்ராஸ் கம்பெனிக்குச் செய்துகொண்டிருந்தோம். அடித்து வந்த துண்டு மெஷினில் ஆடும். ஆடாமல் இருக்க, எண்ணெய் டின்னை வெட்டி எடுத்த தகரத் துண்டுகளை அடியில் செருகுவார்கள். எந்தத் துண்டுக்கு எந்த மூலையில் எத்தனை தகரம் என்பது அன்றைய மனநிலையைப் பொறுத்தது. துளைகள் எப்படி விழுந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஒரு லாரி சரக்கு அப்படியே திரும்பி வந்தது. கூடவே ஒரு செய்தியும் வந்தது. இன்னொரு வாய்ப்பு தருகிறோம், எங்கள் இன்ஸ்பெக்டர் நேரில் வந்து பார்ப்பார், அவர் கண்ணில் ஒரு தகரம்கூடப் படக் கூடாது.

முதலாளி என்னைக் கூப்பிட்டுக் காபி கொடுத்தார். நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து சொன்னார். இந்த ஆர்டர் போனால் தனியாக டிராயிங் செக்ஷன் வைத்திருப்பதில் அர்த்தமில்லை, வரைபடங்களை மெட்ராஸில் கொடுத்து வரைந்து வாங்கிக்கொள்ளலாம் என்று இருக்கிறேன் என்றார். வீட்டுக்கு வரும் பத்திரிகையை நிறுத்துவது போன்ற குரல். கோபம் இல்லை. டிராயிங் செக்ஷன் என்றால் அப்போது நான் ஒருத்திதான்.

நான் வரைந்த புதிய நெம்புகோலில் கலியபெருமாள் கேட்ட சரிவு முழுவதும் இருந்தது. முசேவுக்காக, துண்டின் தட்டையான வயிற்றுப் பக்கத்தில் மூன்று சிறிய மேடுகள் வைத்தேன். ஒவ்வொன்றும் நாலணாக் காசு அகலம், அதைவிடக் கொஞ்சம் தடிமன். துண்டை முக்காலி மாதிரி அந்த மூன்று மேடுகளின்மேல் உட்காரவைத்தால் ஆடாது, தகரமும் வேண்டாம். மேடுகள் டையிலேயே இருப்பதால் அடிக்கும்போதே வந்துவிடும், கூடுதல் வேலை இல்லை. சரிவைப் பார்த்து முசே முகம் சுளித்தார். டையில் மூன்று குழி வெட்ட வேண்டும் என்று கலியபெருமாள் முகம் சுளித்தார். இருவரும் சமமாகச் சுளித்ததால் டிராயிங் சரியாக இருக்கிறது என்று முடிவு செய்தேன். இன்றைக்கும் அதுதான் என் அளவுகோல்.

ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் மாதிரித் துண்டுகளை அடித்து முடித்தார்கள். நானே ஒவ்வொன்றாக அளந்து பார்த்தேன். மூன்று மேடுகளும் அச்சுப் போல வந்திருந்தன. ஓரத்துப் பிசிறை எடுப்பதற்காகக் கூடையைச் சாணைக்கல்லுக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். இன்ஸ்பெக்டர் விஜயதசமி காலையில் வருகிறார். நல்ல நாள் என்று முதலாளியே கேட்டு வாங்கிய தேதி.

சாணைக்கல்லில் நாகப்பண்ணன். அவரை உங்களுக்குத் தெரியும், ஆனால் அவர் எங்கிருந்து வந்தார் என்று தெரியாது. முதலியார்பேட்டைக்காரர். முன்பு துணி மில்லில் இருந்தார். அங்கே அவர் வேலை, நெய்து வரும் துணியின்மேல் உள்ளங்கையை ஓட்டி, எங்கெங்கே நூல் திரண்டு நிற்கிறதோ அதைக் கண்டுபிடித்துக் கிள்ளி எடுப்பது. மில் மூடியபின் நம்மிடம் வந்தார். துணி போய் இரும்பு வந்தது, கை மாறவில்லை. துருத்திக்கொண்டு எது இருந்தாலும் அந்தக் கை பொறுக்காது. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். நம் பட்டறையில் டிராயிங் டை செய்கிறவர்களுக்குப் போகும், மெஷின் ஷாப்புக்குப் போகும், சாணைக்கல்லுக்கு மட்டும் போகாது. நெருப்புப் பொறி பட்டுக் காகிதம் வீணாகும் என்று எப்போதோ யாரோ வைத்த வழக்கம். பிசிறு எடு என்று வாயால் சொல்வதோடு சரி.

ஆயுத பூஜை காலையில் நான் போனபோது பட்டறை கல்யாண வீடு மாதிரி இருந்தது. பெரிய சுத்திக்கு மாலை. அடியில் எலுமிச்சம்பழம். ஸ்பானர், அரம், டிரில், டயல் கேஜ் எல்லாம் சாமி படத்துக்கு முன்னால் வரிசையாக. என் பென்சில் பெட்டியும் செட் ஸ்கொயரும் ஸ்கேலும்கூட, சரஸ்வதிக்குப் பக்கத்தில் சந்தனம் பூசிக்கொண்டு இருந்தன. நடுவில் கொலுப்படி போல அடுக்கி, நெம்புகோல்கள். பிசிறு இல்லை, புள்ளி துரு இல்லை. வயிற்றுப் பக்கம் மேலே தெரியும்படி வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றிலும் மூன்று இடத்தில் வெள்ளி போலப் பளபளத்தது. அந்தப் பளபளப்பின் நடுவில் சந்தனம், சந்தனத்தின் நடுவில் குங்குமம்.

மேடுகள் இல்லை. ஒன்றில்கூட இல்லை.

நாகப்பண்ணன் கைகட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார். நான் பார்த்துக்கொண்டே இருந்ததைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

"எல்லாத்துலயும் மூணு கட்டி இருந்துச்சும்மா. ஒன்னு விடாம ஒரே எடத்துல. சுத்தி ஷாப்புல டைய தொடைக்கிறதே இல்ல போல. சாமி முன்னாடி வெக்கிற சாமான் இப்படியா இருக்குறதுன்னு உக்காந்து எல்லாத்தையும் ராவிட்டேன். இருட்டுற வரைக்கும் ஆயிடுச்சு."

"யாரு டைய சொல்ற நீ?" என்று கலியபெருமாள் மாலையைக் கீழே போட்டுவிட்டு வந்தார்.

இந்த இடத்தில் நீங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சோம்பேறி ஒருவர் சாணைக்கல்லில் இருந்திருந்தால் அந்த மேடுகள் பத்திரமாக இருந்திருக்கும். காரணம் தெரியாத மேட்டை முதலில் எடுப்பவர் நல்ல வேலைக்காரர்தான். அவரைத் திட்டினால் அடுத்த தடவை பிசிறையும் விட்டுவைப்பார். அன்றைக்கு இதையெல்லாம் இவ்வளவு தெளிவாக யோசித்தேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் திட்டுவதால் மேடு முளைக்காது என்று தெரிந்திருந்தது. ரொம்ப நன்றாகச் சுத்தம் செய்திருக்கிறீர்கள் என்று மட்டும் சொன்னேன்.

வழிகளை எண்ணிப் பார்த்தேன். மறுபடி அடிக்கலாம். ஆனால் உலை ஆறிக் கிடந்தது, சுத்தி மாலை போட்டுக்கொண்டு நின்றது. அடியில் இருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்துவிட்டுக் கலியபெருமாள் அங்கே எதையும் வைக்க மாட்டார். இன்ஸ்பெக்டரை வேறு நாள் வரச் சொல்லலாம். ஆனால் விடுமுறை நாளில் மெட்ராஸ் கம்பெனியில் மணி அடித்ததே தவிர யாரும் போனை எடுக்கவில்லை. மூன்றாவதாக ஒன்று இருந்தது. துண்டில் மேடு இல்லையென்றால், துண்டு உட்காருகிற ஃபிக்ஸரில் மேடு வைப்பது. ஃபிக்ஸர் என்பது மெஷினில் துண்டை வைத்துப் பிடிக்கும் இரும்புப் படுக்கை. அதில் மூன்று துளை போட்டு மூன்று ஸ்குரூவை நீட்டிவிட்டால், துண்டு அவற்றின்மேல் உட்காரும். எங்கே துளை போடுவது என்று அளக்கக்கூட வேண்டாம், நாகப்பண்ணன்தான் பளிச்சென்று காட்டி வைத்திருக்கிறாரே.

உடனே வரைந்துவிடலாம் என்று பென்சில் பெட்டிக்குக் கை நீட்டினேன்.

"நோன், நோன்" என்று முசே குறுக்கே வந்தார். "சாமிகிட்ட வெச்சத நாளைக்கு மறுபூஜை முடிஞ்சுதான் தொடணும்."

முசே ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையைத் தவறவிட்டதை யாரும் பார்த்ததில்லை. ஆனால் ஆயுத பூஜையில் அவரைப் போல் கறாரான ஆள் பட்டறையிலேயே கிடையாது. பூசணிக்காய் வாங்குவதும் அவர், பொரி கடலை பங்கு பிரிப்பதும் அவர். கலியபெருமாளுக்குப் பொறுக்கவில்லை.

"முசே, உங்களுக்கு என்னா? நீங்க கோயிலுக்குப் போறவரா? சர்ச்சுக்குப் போறவரு. எடுத்துக் குடுங்க, அந்த அம்மா வரையட்டும்."

"அதாம்பா சொல்றேன். உங்க சாமிய நீங்க ஏமாத்தலாம், வீட்டு மனுஷங்க. விருந்தாளியா வந்தவன் நான் எப்படி ஏமாத்துறது?"

கலியபெருமாள் போய்க் கீழே கிடந்த மாலையை எடுத்தார். நான் நீட்டிய கையை மடக்கிக்கொண்டேன்.

அந்த நேரத்தில் முதலாளி பட்டு வேட்டியில் வந்தார். எல்லாம் ரெடியா என்று கேட்டார். எல்லோரும் கீழே பார்த்தார்கள். நான் நடந்ததைச் சொன்னேன். மேடு போனது, ஃபிக்ஸரில் ஸ்குரூ வைக்கப் போவது, இன்றைக்கு எதையும் தொட முடியாது என்பது. அவர் சாமி படத்தைச் சற்று நேரம் பார்த்தார். புகார் கொடுப்பது போல இருந்தது அந்தப் பார்வை.

"நல்ல நாளும் அதுவுமா நான் ஒன்னும் சொல்லக் கூடாதும்மா," என்றார். "நாளைக்குச் சொல்றேன்."

என்ன சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரியும். காபி குடித்த அன்றைக்கே சொல்லிவிட்டாரே.

வரைய முடியாது. துண்டைத் தொட முடியாது. ஃபிக்ஸர்கூடப் பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மீதி இருந்தது சுண்டல். நான் ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்து, பெஞ்சின்மேல் நான்கு கொண்டைக்கடலையை வைத்து அவற்றின்மேல் தட்டை வைத்தேன். தட்டு ஆடியது. ஒரு கடலையை எடுத்துவிட்டு மூன்றை முக்கோணமாக வைத்தேன். ஆடவில்லை. தட்டின் எந்த ஓரத்தை அழுத்தினால் கவிழும், எந்த இடத்தை அழுத்தினால் கவிழாது, அதனால் டிரில் இறங்கும் இடம் மூன்று கடலைக்கும் உள்ளே இருக்க வேண்டும் என்று காட்டினேன். கலியபெருமாள் குனிந்து பார்த்தார். முசே தட்டைத் தூக்கினார், யோசித்தார், மீசையைத் தடவினார், யோசனையிலேயே ஒரு கடலையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். தட்டைத் திரும்ப வைத்தபோது அது சாய்ந்தது.

"முசே," என்றார் கலியபெருமாள், "ஸ்குரூவ தின்னுட்டீங்க."

இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசி நான் கேட்ட முதல் தொழில்நுட்ப உரையாடல் அதுதான். அதன்பிறகு நிற்கவில்லை. ஸ்குரூ எவ்வளவு நீள வேண்டும், துண்டின் சரிவு எந்தப் பக்கம் தள்ளும், தள்ளினால் எங்கே தடுப்பது என்று சுண்டல் தீரும்வரை பேசினார்கள். ஆதாரப் புள்ளிகளை நான் இரண்டு முறை புதிதாக எடுத்து வைக்க வேண்டியிருந்தது.

எழுத முடியாததால் மறுநாள் வேலையை வரிசையாக மனப்பாடம் செய்யவைத்தேன். எழுதாமல் நான் போட்ட ஒரே பட்டியல் அது. அவரவர் பங்கை அவரவர் சொல்ல வேண்டும், ஒருவர் முடித்ததும் அடுத்தவர். முசே துளை, மரை. கலியபெருமாள் ஸ்குரூவின் முனையைத் தேய்த்து வட்டமாக்குவது, பூட்டு நட்டு. நாகப்பண்ணன் துண்டுகளைத் துடைக்காமல் அப்படியே கொண்டுவந்து கொடுப்பது. துடைக்காமல் என்று இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. சேர்ந்தாற்போல் திரும்பத் திரும்பச் சொன்னதில் ஒரு ராகம் வந்துவிட்டது. அந்தப் பக்கம் வந்த முதலாளி ஏதோ பூஜைப் பாட்டு என்று நினைத்துக் கைகூப்பி நின்றார். நாங்கள் நிறுத்தவில்லை.

விஜயதசமி காலையில் எல்லோரும் சீக்கிரமே வந்துவிட்டார்கள். மறுபூஜை, கற்பூரம். கற்பூரம் அணைந்த பிறகுதான் டிரில்லைத் தொடுவது என்று முசே சொல்லிவிட்டார். அவ்வளவு நிதானமாக எரிந்த கற்பூரத்தை நான் அதற்கு முன்போ பின்போ பார்த்ததில்லை. சுடர் சுருங்கும், போய்விட்டது என்று நினைப்போம், மறுபடி எழும். கலியபெருமாள் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் சாக்கில் காற்று வரும்படி கையை வீசிப் பார்த்தார். முசே முறைத்தார்.

சுடர் அணைந்ததும் வேலை தொடங்கியது. முந்தைய நாள் பாடியபடியே நடந்தது. கடைசி நட்டை முசே இறுக்கிக்கொண்டிருக்கும்போது கேட்டில் ரிக்‌ஷா மணி கேட்டது.

இன்ஸ்பெக்டர் மெலிந்த மனிதர். கையில் குடை. காபி வேண்டாம், முதலில் வேலை என்றார். டிராயிங்கை விரித்துப் பார்த்தார். ஒரு துண்டை எடுத்துப் பார்த்தார். மறுபடி டிராயிங்.

"மூணு பேட் எங்கம்மா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கலியபெருமாள் காலையிலேயே ஒரு பதில் தயார் செய்து என்னிடம் ஒப்பித்திருந்தார். டிசைனை மாற்றிவிட்டோம், இது புது முறை, ஜெர்மனியில் இப்படித்தான். ஜெர்மனி எப்படி உள்ளே வந்தது என்று தெரியவில்லை. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மாற்றிவிட்டோம் என்று சொன்னால் அடுத்த கேள்வி, மாற்றிய டிராயிங் எங்கே என்பது. அதற்கடுத்து இன்னொரு பொய் வேண்டும். இரும்பு விஷயத்தில் பொய்யைத் தகரம் மாதிரிதான் செருகிக்கொண்டே போக வேண்டியிருக்கும்.

"மேடு இருந்தது சார். ஆயுத பூஜைக்குச் சுத்தம் செய்தபோது அரைத்துவிட்டோம். அதனால் ஃபிக்ஸரில் ஸ்குரூ வைத்திருக்கிறோம்."

அவர் குடையைச் சுவரில் சாய்த்தார். முதலாளி எங்கோ பார்த்தார்.

"வெச்சுக் காட்டுங்க."

முசே துண்டை வைத்தார். இன்ஸ்பெக்டர் கட்டைவிரலால் ஒவ்வொரு மூலையாக அழுத்தினார். அசையவில்லை. குனிந்து, எங்காவது தகரம் தெரிகிறதா என்று வெளிச்சத்துக்கு எதிராகப் பார்த்தார். பிறகு துண்டைத் தூக்கிவிட்டு ஸ்குரூக்களைப் பார்த்தார். மூன்று முனைகளும் சிவப்பாக இருந்தன. எங்கே தொட்டிருக்கிறது என்று அறிய ஃபிட்டர்கள் சிவப்பு மை பூசிப் பார்ப்பது உண்டு. அவர் விரலால் ஒன்றைத் தொட்டார்.

"மார்க்கிங் கலர் போட்டீங்களா?"

"குங்குமம் சார்," என்றார் நாகப்பண்ணன். "தொடைக்கக் கூடாதுன்னாங்க."

இன்ஸ்பெக்டர் விரலில் இருந்ததை என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்சம் நின்றார். பிறகு, யோசிக்காமல்தான் செய்திருப்பார், அதை நெற்றியில் இட்டுக்கொண்டார்.

கூடையில் இருந்த துண்டுகளில் ஒவ்வொன்றாகத் துளை போட்டார்கள். துளையைச் சோதிக்கும் கேஜ் எல்லாத் துளைகளிலும் நேராக இறங்கியது. ஒரு தகரம் இல்லை. இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கேட்டு வாங்கிக் காபி குடித்தார். ஒரு நிபந்தனை வைத்தார். மாதிரிக்கு இது போதும், ஆனால் சரக்கு வரும்போது டிராயிங்கில் உள்ள மூன்று மேடும் துண்டிலேயே இருக்க வேண்டும், கையால் அரைத்த இடத்தை நம்பி லாரிக் கணக்கில் வாங்க முடியாது. நியாயம்தான். நானும் அதைத்தானே வரைந்தேன்.

முதலாளி நாளைக்குச் சொல்வதாகச் சொன்னது நினைவிருந்தது. அவர் அறை வாசலில் போய் நின்றேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "உங்க ரூம்ல ரொம்ப வேர்க்குதாமே?" என்று கேட்டார். நான் அப்படி யாரிடமும் சொன்னதில்லை. ஆமாம் என்றேன். அந்த வாரமே ஃபேன் வந்தது. மெட்ராஸில் வரைந்து வாங்கும் பேச்சு அதன்பிறகு எழவில்லை. உங்கள் தலைக்கு மேல் இப்போது சத்தம் போட்டுக்கொண்டு சுற்றுவது அந்த ஃபேன்தான். எண்ணெய் விட வேண்டும்.

அடுத்த சரக்குக்கு முன் நான் செய்தது ஒன்றுதான். டிராயிங்கை பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சாணைக்கல்லுக்கு மேலே மாட்டினேன். நாகப்பண்ணனைக் கூப்பிட்டு, ஒரு துண்டை ஃபிக்ஸரில் வைத்து, மேடு எதற்கு என்று காட்டினேன். அவர் உள்ளங்கையை ஓட்டிப் பார்த்தார். இதை முதலிலேயே சொல்லக் கூடாதா என்ற பார்வை ஒன்று வந்து போனது. உறையில் இருக்கும் டிராயிங்கை அவர் இன்றுவரை பார்த்ததில்லை, அதில் ஊதுவத்தி செருகிவைக்கிறார். ஆனால் காரணம் தெரியாமல் இப்போது எதையும் எடுப்பதில்லை.

எதையும் என்றால் எதையுமே. ஆகவே உங்களுக்கு ஒரு எச்சரிக்கை. எந்தப் புதிய துண்டு வந்தாலும், அதில் கடுகளவு துருத்தல் இருந்தாலும், அவர் கல்லை நிறுத்திவிட்டு அதைக் கையில் எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறி வருவார். நீங்கள் கோடு போட்டுக்கொண்டிருந்தாலும், சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும், டிராயிங்கின் மேலேயே வைப்பார், காகிதம் கறுப்பாகும். சலித்துக்கொள்ளாதீர்கள். போன வாரம் விடைபெறலாம் என்று நான் கீழே போனபோதும் அவர் என்னைப் பேசவிடவில்லை. ஒரு துண்டை என் உள்ளங்கையில் வைத்து, என் விரலைப் பிடித்து அதன்மேல் ஓட்டிக் காட்டிக் கேட்டார்:

"இந்த மேடு உங்களுதாம்மா, இல்ல சுத்தியோடதா?"